சுத்தியலுக்கு அசராத நாய்

அன்புள்ள சுண்டெலிக்கு,

இங்கே நான் சௌக்கியம், உன் சித்தி சௌக்கியம், மாடிப்படிக் கைப்பிடி சௌக்கியம், போன தடவை வந்தபோது நீ ஏறி நின்று காலை உடைத்த முக்காலி மட்டும் இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறது, மற்றபடி நம் சாம்ராஜ்யத்தில் எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வாண்டுகள் இரண்டும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். என் குரல் உனக்குத் தெரியாதா, நான் போனில் ரகசியம் சொன்னால் நாலு தெரு தள்ளிப் பேருந்துக்கு நிற்கிறவன் 'அப்படியா சார்' என்று பதில் சொல்வான். இது ரகசியம். இரண்டு வருஷமாக என் வயிற்றில் கிடந்து உருண்ட ரகசியம், அதனால்தான் எனக்குத் தொப்பை விழுந்ததே தவிர நீ சொல்வதுபோல பிஸ்கட்டால் அல்ல. நேற்று முன்தினம் போனில் நீ 'அந்த நாயைத் திருப்பிக் கொடுத்துடுங்க சித்தப்பா, காது கேக்காத நாய் எதுக்கு' என்று ஒரே போடாகப் போட்டாயே, அதற்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. ஆனால் பதிலை முதலிலேயே தேடிக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தில் செய்ததைப்போல.

முதலில் குற்றத்தின் மூலத்துக்கு வருவோம். மூலம் நீதான். அடுப்பில் வைத்த கெட்டில் விசிலடித்து விசிலடித்து, தண்ணீரெல்லாம் வற்றி, அடி கருகி, சமையலறை முழுக்கப் புகை மண்டியதை நான் உளறிவிட்டேன், நீ பயந்துபோய் 'நீங்க வாடிக்கையாளர் வீட்டுக்குப் போயிட்டா சித்தி தனியா இருக்காங்க, உடனே ஒரு நாய் வாங்குங்க' என்று ஒன்பது நிபந்தனை எழுதி அனுப்பினாய். குட்டியாக இருக்கக் கூடாது, ஓடிப்பிடிக்க உங்களுக்கு முழங்கால் இல்லை. ரொம்பப் பெரிதாக இருக்கக் கூடாது, இழுத்தால் சித்தி விழுந்துவிடுவார். முடி அதிகம் கொட்டக் கூடாது. குழந்தைகளோடு பழக வேண்டும், நாங்கள் வருவோம். மணி அடித்தால் குரைக்க வேண்டும், சத்தத்துக்குப் பயப்படக் கூடாது, பட்டறை கீழேயே இருக்கிறது. இப்படி ஒன்பது. நீ உனக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொன்னபோதுகூட இரண்டு நிபந்தனைதான் வைத்தாய், அதில் ஒன்று கண்ணாடி போட்டிருக்கக் கூடாது என்பது, அதையும் பிறகு நீயே கைவிட்டாய். (மாப்பிள்ளைக்கு இந்த வரியைப் படித்துக் காட்ட வேண்டாம்.)

நான் யார், முப்பத்தாறு வருஷமாக சோபாவுக்கு மெத்தை தைக்கிறவன். நான் உட்காரவைக்காத பெரிய மனிதன் இந்த ஊரில் உண்டா, நீதிபதி முதல் பல் டாக்டர் வரை அத்தனை பேரின் பின்புறமும் என் கைக்கு அடக்கம். அளவெடுக்காமல் நான் தும்மக்கூட மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். ஆகவே நாயைப் பார்ப்பதற்கு முன்னாலேயே நாய்க்கு மெத்தை தைத்துவிட்டேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சந்து முப்பத்து நாலு அங்குலத்துக்கு இருபத்திரண்டு, அதற்குள் கச்சிதமாக உட்காரும்படி மரூன் ரெக்சினில், சுற்றிலும் பட்டி வைத்து, நடுவில் ஏழு பட்டன் இழுத்து, அரியாசனம் தோற்றுப்போகும் ஒரு மெத்தை. இனி அதில் பொருந்துகிற நாயைத் தேட வேண்டியதுதானே. உன் சித்தி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு 'செருப்பை வாங்கிட்டுக் காலைத் தேடிப் போற ஒரே ஆள் நீங்கதான்' என்றாள். மேதைகள் வாழும் காலத்தில் புரிந்துகொள்ளப்படுவதில்லை, சுண்டெலி.

ஆதரவற்ற நாய்களை வைத்திருக்கும் இடம் ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் இருக்கிறது, அங்கே அளவு நாடா, ஒரு பலகை, ஒரு பிடி ஆணி, என் பெரிய சுத்தியல் இவற்றோடு படையெடுத்தேன். காப்பாளர் அம்மா என் பையைப் பார்த்துவிட்டு 'ஐயா, கூண்டு ரிப்பேருக்கு நாங்க யாரையும் கூப்பிடலையே' என்றார். இல்லை அம்மா, மகள் கேட்ட நாயைப் பார்க்க வந்தேன் என்றேன். இரண்டு வரிசைக் கூண்டு, இருபத்தாறு நாய். முதல் கூண்டில் இருந்தது நாயா குதிரையா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம், அது ஒரு குரை குரைத்ததில் என் தலையில் மிச்சமிருக்கும் பதினோரு முடியும் பின்பக்கம் சாய்ந்து படுத்துவிட்டன. இரண்டாவது என் செருப்பின் வாரைப் பாதி தின்றுவிட்டு மீதிக்கு அனுமதி கேட்டது. ஒன்று வாலை ஆட்டிய வேகத்தில் தண்ணீர்ச் சட்டி பறந்தது. எல்லாவற்றையும் நாடா பிடித்து அளந்தேன், அளக்கவிட்டவற்றை மட்டும். பிறகு நட்டநடுவில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, உன் நிபந்தனைப்படி சத்தத்துக்கு அஞ்சாத வீரனைக் கண்டுபிடிக்க, ஆணியை வைத்து ஓங்கி அடித்தேன் பார், இருபத்தைந்து நாயும் ஒரே நேரத்தில் வானம் இடிந்து விழுந்ததுபோல அலறின, பாதி குரைத்தது, பாதி மூலைக்கு ஓடியது, காப்பாளர் அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே போட்டார்.

இருபத்தாறாவது மட்டும் அசையவில்லை. பழுப்பு நிறம், முன்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல ஒரு திட்டு, நாலு வயது இருக்கும், காது மட்டும் ஆளுக்குச் சம்பந்தமில்லாமல் சோபாக் கைப்பிடிக் குஷன் அளவுக்கு இரண்டு. அப்படிப்பட்ட காதை வைத்துக்கொண்டு, நான் இன்னும் நாலு ஆணி அடித்தும், ஒரு கண்ணைக்கூடத் திறக்காமல் தூங்கியது. என்ன நிதானம், என்ன நெஞ்சுரம், போர்க்களத்தில் குறட்டை விடும் தளபதி! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காப்பாளர் அம்மாவும் 'இவன் ரொம்பத் தங்கமான பிள்ளைங்க ஐயா, வந்து பத்து நாள்தான் ஆகுது, யார் குரைச்சாலும் இவன் கண்டுக்கவே மாட்டான்' என்று சான்றிதழ் கொடுத்தார். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை முப்பத்தொரு அங்குலம், மெத்தைக்குத் தைத்துவைத்த உறைமாதிரி. உடனே கையெழுத்துப் போட்டேன். ஒத்துவரவில்லை என்றால் பதினைந்து நாளுக்குள் திருப்பிக் கொண்டுவரலாம் என்று ஒரு சீட்டும் கொடுத்தார், அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்த தளபதி அரியாசனத்தை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, அதன் பக்கத்தில் வெறும் தரையில் படுத்தது. முப்பத்தாறு வருஷத்தில் என் வேலையை யாரும் இப்படி அவமானப்படுத்தியதில்லை, அந்த நீதிபதிகூட வாய் திறந்துதான் குறை சொன்னார். போகட்டும். நான் அதற்கு இருபத்தேழு எழுத்தில் ஒரு பட்டப்பெயர் யோசித்து வைத்திருந்தேன், அதை வாசலில் நின்று முழுமூச்சாக முழங்கினேன், தெருவில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள், நாய் திரும்பவில்லை. அகந்தை என்று நினைத்துக்கொண்டேன். பெரிய இடத்து நாய்.

மூன்றாம் நாள் காலை ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உன் சித்தி சொன்னாள், 'என்னங்க, இதுக்குக் காது கேக்கலை.' எனக்கு வந்ததே கோபம். என் தேர்விலா பழுது, அதன் காதைப் பார்த்தாயா, அதை விரித்தால் மழைக்கு நாம் இரண்டு பேரும் ஒதுங்கலாம் என்றேன். அவள் என் மேடைப்பேச்சை எல்லாம் கவனிக்காமல் நாயையே பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். 'நீங்க உள்ளே வர்றப்ப அது உங்களைப் பார்க்கிறதில்லை, என் மூஞ்சியைப் பார்க்குது, என் மூஞ்சி திரும்பினப்புறம்தான் அது திரும்புது. பின்னாலேர்ந்து தொட்டா தூக்கிவாரிப் போடுது. எப்பவும் சுவத்துல முதுகை வெச்சு, எல்லாரும் கண்ணுல படுற மாதிரிதான் உக்காருது. கேக்குற மாதிரி நடிக்குதுங்க. நல்லாவே நடிக்குது.' எனக்கு ரோஷம் தலைக்கேறி, இதற்குப் பாடம் எடுப்பது செவிடன் காதில் ஊதின சங்கு என்று என்னவோ பழமொழி சொன்னேன். சொன்ன வாய் மூடுவதற்குள் எனக்கே சுருக்கென்றது. அவள் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இப்போது ரகசியத்துக்கு வருகிறேன், கண்ணு, கொஞ்சம் உட்கார்ந்துகொள். உன் சித்திக்குக் காது கேட்பது குறைந்து இரண்டு வருஷம் ஆகிறது. முதலில் கொஞ்சம், போன வருஷத்திலிருந்து ரொம்ப. அந்தக் கெட்டிலை அவள் மறக்கவில்லை, விசில் கேட்கவில்லை. உனக்கு நான் ஞாபகமறதி என்று சொன்னது பொய். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் ஆணையே வாங்கியிருந்தாள், ஆணை என்றால் வாயால் அல்ல, ஒரு பார்வையால், அந்தப் பார்வை உனக்கும் தெரியும். அவளுக்கு என்ன பெருமை இருந்தது என்று யோசித்துப் பார். இருபத்தெட்டு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் அறையில் உட்கார்ந்து ஆயிரம் பேர் குரலைக் கேட்டு இணைப்புக் கொடுத்தவள். மூச்சு விடுகிற சத்தத்திலேயே 'எலும்பு டாக்டரா, லைன்ல இருங்க சார்' என்பாள். நீ மூன்றாம் வகுப்பில் மாடியில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் கீழே தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவில் இருந்து 'போதும் சுண்டெலி' என்று குரல் கொடுத்தவள். அவளுக்குப் போய்க் காது. அதனால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாடகம் போட்டோம். ஊரே முணுமுணு என்று பேசக் கற்றுக்கொண்டுவிட்டது என்று அவள் சொல்வாள், ஆமாம் நாகரிகம் கெட்டுப்போச்சு என்று நான் சொல்வேன். போன் சரியில்லை என்பாள், மாற்றுவோம். மூன்று போன் மாற்றியாகிவிட்டது, மூன்றும் நல்ல போன். என் குரல் மட்டும் அவளுக்கு எட்டும், பட்டறையில் சுத்தியல் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை அல்லவா, ஆகவே ஊரார் சொல்வதை எல்லாம் நான் ஒரு தடவை உரக்கத் திருப்பிச் சொல்லும் அரசவை அறிவிப்பாளன் ஆனேன். வந்தவர்கள் என்னைத்தான் செவிடன் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும், எனக்கென்ன, என் பட்டங்களில் அதுவும் ஒன்று.

சரி, நாய்க் கதைக்கு வா. என் தரப்பை நிரூபிக்க ஆறாம் நாள் மிருக டாக்டரம்மாவிடம் போனோம், மூன்று பேரும். சின்ன அறை, நடுவில் இரும்பு மேசை, மேசைமேல் தளபதி, அதன் பக்கத்தில் ஒட்டி நின்று தாடையைத் தடவிக்கொண்டு உன் சித்தி, ஓரத்தில் நான். டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், பிறகு சத்தமில்லாமல் அவர்கள் இருவருக்கும் பின்பக்கமாகப் போய், ஒரு எவர்சில்வர் தட்டில் கரண்டியால் டங்கென்று ஒரு அடி அடித்தார். அடி என்றால் என் பல்லில் அடைத்த சிமெண்ட் ஆடியது. நாய் திரும்பவில்லை. உன் சித்தியும் திரும்பவில்லை. திரும்பியது நான் ஒருவன்தான். அவள் பாட்டுக்குச் சிரித்த முகத்தோடு தாடையைத் தடவிக்கொண்டே, 'எப்பங்க டெஸ்ட் ஆரம்பிப்பாங்க?' என்று என்னைக் கேட்டாள். டாக்டரம்மா நாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் பட்டியலைப் படிக்க ஆரம்பித்தேன். நல்ல பெண் அந்த டாக்டர், எதுவும் கேட்கவில்லை. சுற்றி வந்து, சித்தியின் கண்ணில் படும்படி நின்று, நிதானமாக, 'பிறவியிலேயே கேட்காது போலம்மா, வேற ஒரு குறையும் இல்லை' என்று சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பின்னாலிருந்து தொடக் கூடாது. முதலில் கண்ணில் பட வேண்டும், பிறகு தொட வேண்டும். கூப்பிடத் தரையைக் காலால் தட்டினால் அதிர்வு போகும். வாசல் மணிக்கு விளக்கு ஒன்று வைக்கலாம். சீட்டை என் கையில் கொடுக்கும்போது தாழ்ந்த குரலில் 'வீட்டுல எல்லாருக்குமே வசதியா இருக்கும் சார்' என்றார்.

நான் விடுவேனா. அன்றைக்கே மின்சாரக்காரரைக் கூப்பிட்டு, மணி அடித்தால் எரிகிற மாதிரி பல்பு மாட்டினேன், எல்லாம் நாய்க்காக. தரையைத் தட்டிவிட்டுத்தான் அறைக்குள் நுழைந்தேன், நாய்க்காக. பேசும்போது வாயை மறைக்காமல், வெளிச்சத்தில் நின்று, முகத்துக்கு நேராகப் பேசினேன், நாய்க்காக. உன் சித்தியும் நாய்க்காக என்று எல்லாவற்றையும் அனுமதித்தாள். ஒரு வாரத்தில் வீடு எப்படி மாறியது என்று உனக்குச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை, எனக்கே இல்லை என்றால் பார்த்துக்கொள். கூரியர்காரர் ஆறு மாதமாகப் பூட்டிய வீடு என்று எழுதிவிட்டுத் திரும்பிய வாசலில், பல்பு எரிந்ததும் தளபதி எழுந்து அவள் முழங்காலை மூக்கால் இடித்தது, அவள் போய்க் கதவைத் திறந்தாள், கூரியர்காரர் பேய் அறைந்தவர்போல நின்றார். அவள் கைச்சாடையில் உட்காரு, வா, நில் மூன்றும் கற்றுக்கொடுத்துவிட்டாள். என் இருபத்தேழு எழுத்தைக் குப்பையில் போட்டுவிட்டு அவளே பெயரும் வைத்தாள், இரண்டு விரலால் கன்னத்தில் இரண்டு தட்டு, அதுதான் பெயர். இதை எந்தப் பதிவேட்டில் எப்படி எழுதுவது என்று காப்பாளர் அம்மாவைக் கேட்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் நேற்று முன்தினம் நீ போனில் பேசினாய். பதினாலாம் நாள். நான் நாய்க்குக் காது கேட்காது என்ற செய்தியை ஒரு நகைச்சுவையாக உனக்குச் சொல்ல, நீ நியாயமாகத்தான் கேட்டாய், புகை வந்தால் எழுப்பாத, மணிக்குக் குரைக்காத நாயை வைத்து என்ன செய்வது, இன்னும் ஒரு நாள் இருக்கிறதே, திருப்பிக் கொடுத்துவிட்டுக் காது கேட்கிற நாயாகப் பாருங்கள் என்றாய். உன்மேல் தப்பில்லை. தப்பு என் தொண்டையில். அறிவிப்பாளன் உத்தியோகம் பழகிப்போய், யார் எது சொன்னாலும் உரக்கத் திருப்பிச் சொல்கிற வாய், 'காது கேக்காததாலே திருப்பிக் கொடுத்துடணும்ங்கிறியா?' என்று வீடு அதிரக் கேட்டுவிட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்புகிறேன், பட்டறை வாசலில் அவள் நிற்கிறாள், காலடியில் நாய்.

'காது கேக்கலைன்னுதான் கொண்டுபோய் விடப் போறீங்கன்னா, தனித்தனியா எதுக்கு அலையணும், எங்க ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்திட்டுப் போயிடுங்க' என்றாள்.

சுண்டெலி, இரண்டு வருஷத்தில் தனக்குக் காது கேட்காது என்பதை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அழுவாள் என்று நினைத்தேன், அவளோ மூன்று பேர் அமரும் ஒரு சோபா எலும்புக்கூடாக நின்றதே, அதன் வெறும் சட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, நாயை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, என்னைத் திட்ட ஆரம்பித்தாள். 'நாய்க்காம் பல்பு. நாய் சமையலறைக்குள்ளேயே வராது, அடுப்புக்கு மேலே எதுக்குங்க ஒரு பல்பு? அதுவும் என் கண் உயரத்துக்கு அளவெடுத்து மாட்டியிருக்கீங்க. நாய் நின்னா எவ்வளவு உயரம்னு உங்க நாடாவுக்குத் தெரியாதா?' முப்பத்தாறு வருஷ அனுபவம், அளவில் மாட்டிக்கொண்டேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு உன்னைப் பற்றிச் சொன்னாள். இதைத்தான் நான் உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் மந்திரி காருக்கு முன்னால் போகும் காவல் வண்டி.

ஏழு மாதத்துக்கு முன்னால் நீ அவளைக் கூப்பிட்டு, பழைய கம்பெனியில் உன் வேலை போய்விட்டது என்று சொல்லி அழுதாய் அல்லவா, அவள் 'ரொம்ப சந்தோஷம் கண்ணு' என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள் அல்லவா. அதற்குப் பிறகு நீ அவளை முன்னைப்போலக் கூப்பிடுவதில்லை, நான் கேட்டபோது 'சித்திக்கு நான் இவ்வளவு தூரம் வந்ததே பிடிக்கலை, வேலை போனதுல அவங்களுக்குத் திருப்தி' என்றாய். உன் குரலில் பாதிதான் அவளுக்கு வந்தது, கண்ணு. மீதியை அவளாகவே ஊகித்துக்கொண்டாள். நீ பேசுகிற வேகத்தைப் பார்த்துப் பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டாள். நான்தான் பிறகு உண்மையைச் சொன்னேன், அன்றைக்கு வாடிப்போன அவள் முகம் இப்போதும் எனக்கு முன்னால் நிற்கிறது. திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும், சொன்னால் நீ அங்கே வேலை வீடு எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாய் என்று பயம். அதனால் நீ கூப்பிடும்போதெல்லாம் 'நல்லாருக்கேன், சித்தப்பாகிட்ட பேசு' என்று ஓடிக்கொண்டிருந்தாள். 'அவ குரலைக் கேட்டுத்தான் அவளைத் தெரிஞ்சுக்கிட்டேன், இப்ப அதுவே இல்லாமப் போச்சு, தப்பா ஏதாவது சொல்லித் தொலைக்கிறதுக்கு, என்னைக் கோவக்காரின்னு அவ நினைச்சாலே தேவலை' என்றாள். அவளுக்கு உன்மேல் கோபமே இல்லை. என் அண்ணனும் அண்ணியும் போன பிறகு ஏழு வயதில், முன்பல் இரண்டும் இல்லாத வாயோடு, ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீ இந்த வீட்டு வாசலில் நின்ற நாளிலிருந்து இன்றுவரை, கோபம் என்று அவள் காட்டியதெல்லாம் என்னிடம்தான்.

நானும் ஒரு குற்றவாளிதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு வார்த்தை உனக்குச் சொல்லியிருந்தால் ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும். ஆணையைக் காப்பாற்றுகிறேன் என்று மார்தட்டிக்கொண்டு உங்கள் இருவரையும் இரண்டு கரையில் நிற்கவைத்துவிட்டு நடுவில் நான் கூவிக்கொண்டிருந்தேன். இதை மிகைப்படுத்தாமல் எழுதியிருக்கிறேன் என்பதைக் கவனி, எனக்கு அது எவ்வளவு சிரமம் என்று உனக்குத் தெரியும்.

ஆகவே பதில். நேற்று பதினைந்தாம் நாள். காலையில் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் பாலத்தைத் தாண்டிப் போனோம், காப்பாளர் அம்மா முகம் வாடிப்போய் 'திருப்பிக் கொண்டுவந்துட்டீங்களா ஐயா' என்றார். உன் சித்தி முன்னால் வந்து, 'எனக்குக் காது சரியாக் கேக்காதும்மா, என்னைப் பார்த்துச் சொல்லுங்க' என்றாள். ஒரு அந்நியரிடம், பட்டப்பகலில், எந்த நாடகமும் இல்லாமல். பிறகு சீட்டை நாலாகக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்ற கூண்டுக் கம்பியைப் பரிசோதிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன், அங்கே முதல் கூண்டுக் குதிரை என்னைப் பார்த்து ஒரு குரை குரைத்தது, கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதுதான் காரணம். வரும் வழியில் காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டோம், அடுத்த வாரம் காதுக்குள் பசைமாதிரி எதையோ ஊற்றி அச்சு எடுத்து அதற்குத் தகுந்த மிஷின் செய்வார்களாம், அளவெடுத்துத்தான் செய்கிறார்கள் என்றதும் எனக்கு அந்தத் தொழில்மேல் மரியாதை வந்துவிட்டது, நாடாவோடு கூடவே போய் நிற்கலாம் என்றிருக்கிறேன், வர வேண்டாம் என்று இப்போதே உத்தரவு. மிஷின் வந்தாலும் பழையபடி முழுக்கக் கேட்காது என்றார் டாக்டர். 'முழுக்கக் கேட்டப்ப மட்டும் இவர் பேசுறதுல எவ்வளவு உபயோகம் இருந்துச்சு' என்றாள் அவள். பார், பழைய சித்தி திரும்பி வந்துவிட்டாள்.

நீயும் அங்கே வாண்டுகளுக்காக நாய் பார்க்கப் போகிறேன் என்றாயே, ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேள். நிபந்தனைக் காகிதத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போ. சுத்தியல் வேண்டாம், நாடா வேண்டாம், மெத்தையை முன்னால் தைக்காதே. உன் வீட்டில் யாருக்குத் துணை குறைகிறது என்பதை மட்டும் யோசித்துக்கொண்டு தரையில் உட்கார், பெரியவள் பள்ளியில் யாரோடும் பேசுவதில்லை என்றாயே, அவளையும் பக்கத்தில் உட்காரவை. எது வந்து அவள் பக்கத்தில் படுக்கிறதோ அது எத்தனை அங்குலம் இருந்தால் என்ன. நான் ஆயிரம் அளவெடுத்துத் தப்பாகத்தான் தேர்ந்தெடுத்தேன், அந்தத் தப்பைவிடச் சரியான நாய் இந்த வீட்டுக்கு வாய்த்திருக்காது. அரியாசனத்தில் இப்போது யார் படுக்கிறார்கள் என்று கேட்காதே, மத்தியானத்தில் எனக்கு முதுகுவலி.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல், சண்டை போட்டால் அன்றைக்கே சமாதானமாகி, எந்தச் செய்தியையும் எங்களைப்போல ஏழு மாதம் வயிற்றில் வைத்துக்கொள்ளாமல், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். புது வேலையில் மேலே மேலே போ, சித்தியின் 'ரொம்ப சந்தோஷம்' அதற்கும் சேர்த்து முன்கூட்டியே சொன்னதாக வைத்துக்கொள். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முகம் தெரிகிற போனில் கூப்பிடு, அவளே எடுப்பாள், நான் பக்கத்தில்கூட இருக்க மாட்டேன், இருந்தாலும் பேச மாட்டேன், இதை நீ நம்ப மாட்டாய். ஜன்னலுக்கு எதிரே உட்கார், வெளிச்சம் உன் முகத்தில் விழட்டும். வாயைக் கையால் மறைக்காதே. முதலில் அவள் கண்ணில் படு, பிறகு பேசு. அவள் இரண்டு விரலால் கன்னத்தில் தட்டினால் நாயைக் கூப்பிடுகிறாள். சுண்டுவிரலை முன்பல் இருக்கும் இடத்தில் வைத்துக் காட்டினால், அது நேற்று சாயங்காலம் அவள் புதிதாக வைத்த பெயர், அது உன்னுடையது. நீ என்ன பேசுவது என்று தெரியாமல் விழித்தால், அதையே திருப்பிச் செய்து காட்டு, போதும்.

இப்படிக்கு,
இந்தக் கடிதத்தை வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சத்தமில்லாமல் எழுதி முடித்த,
உன் அன்புச் சித்தப்பன்